ரத்தத்தில் ஊறிய ஒரு பொய்

வடசேரிக் கோயில் நகைகளைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள்: இந்தக் கலை இவர்களின் ரத்தத்தில் ஊறியது. வார இதழில் எழுதுபவரும் சரி, சுற்றுலாக் கையேடு தயாரிப்பவரும் சரி, சிற்றிதழில் நாட்டார் கலைகளைப் பற்றி நீண்ட கட்டுரை வரைபவரும் சரி, இந்த வாக்கியத்தைத் தாண்டி வருவது அபூர்வம். எழுதியவர் பாராட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார். அதே வாசகரின் வீட்டில், பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பையனிடம் இன்னொரு வாக்கியம் சொல்லப்படுகிறது: மூளைதான் இல்லை, கைத்தொழில் ஏதாவது கற்றுக்கொண்டு பிழைத்துக்கொள்.

முதல் வாக்கியம் புகழ்ச்சி, இரண்டாவது இகழ்ச்சி. ஆனால் இரண்டும் நிற்பது ஒரே நம்பிக்கையின் மேல். கை செய்யும் வேலையில் அறிவுக்கு இடமில்லை என்பதே அந்த நம்பிக்கை. ரத்தத்தில் இருப்பதைக் கற்க வேண்டியதில்லை. மூளை தேவைப்படாத வேலையில் கற்பதற்கு ஒன்றும் இல்லை. ஆக, பட்டறையில் இருபது வருடம் குனிந்திருந்த மனிதர் இந்த இரண்டு வாக்கியங்களின்படியும் எதையும் கற்றவர் ஆகமாட்டார். மூளை, தண்டுவடம், நரம்பணு ஆகியவற்றைப் பற்றி மனித குலம் கடந்த நூற்றிருபது வருடங்களில் அறிந்துகொண்டவை இந்த நம்பிக்கையைச் சல்லிசல்லியாக்கிவிட்டன என்பதும், அந்தச் செய்தி நம் இலக்கிய வட்டங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதும் என் துணிபு.

1

வெளியூர்க்காரர்களுக்கு வடசேரி என்பது நாகர்கோவிலின் ஒரு பேருந்து நிலையம். ஊர்க்காரர்களுக்கு அது நகைப் பட்டறைகளின் தெருக்களும்கூட. வெள்ளித் தகட்டை வெட்டி, வளைத்து, சிறு சிறு அறைகளாகக் கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, அதில் கெம்புக் கல்லைப் பதித்து, கல்லின் ஓரத்தில் மெல்லிய பொன் தகட்டை அழுத்தி ஒட்டுவது இங்குள்ள வேலைமுறை. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம், வங்கி என்று தெய்வச் சிலைகளுக்காகச் செய்யப்பட்டவை, பின்னர் பரதநாட்டிய மேடைக்கு வந்தன. இன்று உலகின் எந்த மூலையில் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தாலும், ஆடும் பெண்ணின் நெற்றியில் இருப்பது வடசேரி நகையாகவோ அதன் அச்சு நகலாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். நாகர்கோவில் கோயில் நகைகள் என்ற பெயரில் புவிசார் குறியீடும் இதற்குக் கிடைத்திருக்கிறது.

புவிசார் குறியீடு ஊருக்குக் கிடைத்தது. கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டுமானால், முதலில் அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஒரே ஒரு கல்லைப் பின்தொடர்வோம்.

சாமணத்தின் நுனியில் ஒரு கெம்புக் கல் இருக்கிறது. அதை அரக்கின் மேல் வைத்து, சரியான கோணத்தில், சரியான ஆழத்துக்கு அழுத்த வேண்டும். வலது கை வேலை என்றால் பெருமூளையின் இடதுபுறப் புறணியிலிருந்து கட்டளை கிளம்புகிறது. இந்தக் கட்டளை வீட்டுக் கம்பியில் ஓடும் மின்சாரத்தைப் போன்றதன்று. ஓய்ந்திருக்கும் நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டப்பட்டதும் அதன் சவ்விலுள்ள வாயில்கள் திறக்க, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அடுத்த கணம் பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலையை மீட்கின்றன. ஓரிடத்தில் நடந்தது அடுத்த இடத்தைத் தூண்ட, திரியில் தீ நகர்வதுபோல் குறிப்பு நகர்ந்துகொண்டே போகிறது. இதை 1952இல் கணித வடிவில் நிறுவியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். அவர்கள் ஆராய்ந்தது கணவாயின் தடித்த நரம்பிழையை. நம் கடற்கரைச் சந்தைகளில் நாள்தோறும் விற்கப்படும் கணவாயின் உறவினந்தான் அது.

முகுளத்தின் அடிப்பகுதியில் அந்த இழைகளில் பெரும்பாலானவை வலப்புறம் தாண்டி, தண்டுவடத்துக்குள் இறங்குகின்றன. தண்டுவடம் நம் சுண்டுவிரல் தடிமனும் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. கழுத்தின் அடிப்பகுதிக்கு நேரான இடத்தில் கை விரல்களுக்கான இயக்க நரம்பணுக்கள் குடியிருக்கின்றன. புறணியிலிருந்து வந்த இழை அவற்றை நேரடியாகவே தொடுகிறது. பூனைக்கு இந்த நேரடித் தொடர்பு கிடையாது. அதன் புறணி இடைத்தரகர்கள் மூலமாகத்தான் பாதத்துடன் பேச முடியும். மனிதனிலும் சில குரங்குகளிலும் மட்டுமே இந்த நேர்வழி நன்கு வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு விரலையும் தனித்தனியே அசைக்கும் ஆற்றலுக்கு இது அடிப்படை. புறணியில் கிளம்பிய குறிப்பு விரல் தசையை எட்ட ஏறத்தாழ 20 மில்லிநொடி ஆகிறது.

இது போகும் வழி. திரும்பி வரும் வழி இதைவிட நுட்பமானது. மனித உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் சேர்த்துத் தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 இருக்கின்றன. மிக நெருக்கமாக இருப்பது விரல் நுனியில். சில அழுத்தத்தை அறிகின்றன, சில வழுக்கலை, சில அதிர்வை, சில தோலின் இழுவையை. ஸ்வீடனில் 1980களில் ஜோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் செய்த சோதனைகள் ஓர் அரிய உண்மையைக் காட்டின. விரல்களுக்கிடையே பிடித்த பொருள் கண்ணுக்குத் தெரியாத அளவு வழுக்கத் தொடங்கினால், ஏறத்தாழ 70 மில்லிநொடியில் பிடி தானாக இறுகிவிடுகிறது. பார்த்து, தீர்மானித்து, கையை அசைக்க இதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் வேண்டும். வழுக்கியது என்பதே நமக்குத் தெரியாமல் பிடி சரிசெய்யப்பட்டுவிடுகிறது.

இதற்குமேல் சிறுமூளை இருக்கிறது. கை அசைவதற்கு முன்பே, அசைந்தால் என்ன உணர்வு திரும்பி வரவேண்டும் என்று அது கணித்து வைக்கிறது. வந்த உணர்வும் கணித்ததும் பொருந்தாவிட்டால் அந்தப் பிழை குறித்துக்கொள்ளப்படுகிறது. அடுத்த அசைவு சிறிதளவு மாறுகிறது. சுத்தியல் தகட்டில் விழுந்து எழும் நேரத்துக்குள் கண் வழியாகத் திருத்தம் செய்ய அவகாசமில்லை; முன்கூட்டியே கணித்தவர் மட்டுமே சரியாக அடிக்க முடியும். பட்டறையில் கேட்கும் அந்த ஒரே சீரான தட்டல் ஒலி, ஒரு நொடிக்குள் செய்து முடிக்கப்படும் கணிப்புகளின் ஒலி.

இதற்குத்தான் மூளை தேவையில்லை என்கிறோம்.

2

மூளை உழைப்பு, உடல் உழைப்பு என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் பழக்கம் நமக்கு மிகவும் வசதியானது. எழுதுகிறவன், கணக்குப் பார்க்கிறவன், ஆணையிடுகிறவன் ஒருபக்கம். உளியும் சாமணமும் பிடிக்கிறவன் மறுபக்கம். இந்தப் பிரிவினைக்கு உடலில் ஏதேனும் ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக பிரேசிலைச் சேர்ந்த ஆய்வுக்குழு 2009இல் எண்ணிச் சொன்னது. சிந்தனையின் இருப்பிடம் என்று நாம் போற்றும் பெருமூளைப் புறணியில் இருப்பவை ஏறத்தாழ 1,600 கோடி. அசைவை ஒழுங்குசெய்வதில் தலைமைப் பங்கு வகிக்கும் சிறுமூளையில் இருப்பவை 6,900 கோடி. ஐந்தில் நான்கு பங்கு! சிறுமூளை மொழியிலும் சிந்தனையிலும் பங்கேற்கிறது என்பதும் உண்மை. எண்ணிக்கையை வைத்து மட்டும் மேன்மையை நிறுவ முடியாது என்பதும் உண்மை. ஆனால் கையசைவை மூளைக்கு வெளியே தள்ளுகிறவர்கள், மூளையின் பெரும்பகுதி நரம்பணுக்களை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை அறுவை சிகிச்சையின்போது மெல்லிய மின்தூண்டலால் தொட்டுப் பார்த்து, எந்த இடம் உடலின் எந்தப் பகுதிக்குரியது என்று வரைபடம் தயாரித்தார். 1937இல் போல்ட்ரியுடன் சேர்ந்து அவர் அதை வெளியிட்டார். முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் அற்பம். கைக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் கிடைத்த இடமோ வியப்பூட்டும் அளவு பெரிது. மூளையின் கணக்கில் கையும் பேச்சும் ஒரே தரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. பேச்சை மட்டும் அறிவு என்றும் கையை வேலை என்றும் பிரித்தது நாம்.

இன்னொரு சான்று, இலக்கிய வாசகர்களைச் சற்றே நிலைகுலையச் செய்யக்கூடியது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையில் மூளையின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் அவரால் புதிய நினைவு எதையும் தேக்கி வைக்க இயலவில்லை. சற்றுமுன் சந்தித்தவரை மறந்துவிடுவார். பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திர வடிவத்தின் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்று நாட்கள் பயிற்சி. ஒவ்வொரு நாளும் அது தமக்குப் புதிய வேலை என்றே மொலைசன் நினைத்தார். ஆனால் கை ஒவ்வொரு நாளும் தேறிக்கொண்டே வந்தது. சொல்லாக மாறாத, கதையாகச் சொல்ல முடியாத ஓர் அறிவு மூளையில் தனியிடத்தில் சேமிக்கப்படுகிறது என்பது அன்று வெளிப்பட்டது. எழுத்தை மட்டுமே அறிவாகக் கருதும் நமக்கு இது உவப்பான செய்தியன்று. சொல்லத் தெரியாதவனுக்குத் தெரியவில்லை என்று பொருளில்லை.

நம் விமரிசனப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரு சிறுகதையைத் தாழ்த்த வேண்டுமென்றால் எடுத்தாளப்படும் சொல் செய்நேர்த்தி. வெறும் செய்நேர்த்தி, வெறும் கைவேலை, கலையாகவில்லை. தச்சனையும் பொற்கொல்லனையும் உவமையாக இழுத்துவந்து நிறுத்தி, ஆன்மா இல்லாத திறமைக்கு எடுத்துக்காட்டாக்குகிறோம். கலைஞனுக்கு உள்ளொளி, கைவினைஞனுக்குப் பழக்கம்! இந்தப் படிநிலையை எந்த நரம்பியலும் ஆதரிக்கவில்லை. பழக்கம் என்று நாம் அலட்சியமாகச் சொல்வது, கோடிக்கணக்கான நரம்பிணைப்புகள் ஆண்டுக்கணக்கில் திருத்தி எழுதப்பட்டதன் பெயர்.

நரம்பணுவைக் கண்டு சொன்ன மனிதரின் கதையே இதற்குப் போதும். சந்தியாகோ ரமோன் இ கஹால் பள்ளியில் அடங்காத பையன். படம் வரைவதில்தான் ஆசை. தந்தை அவரை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். நம் வீடுகளில் மதிப்பெண் குறைந்த பையனுக்கு விதிக்கப்படும் அதே தண்டனை. பின்னாளில் மருத்துவம் படித்து, கோல்ஜி 1873இல் கண்டறிந்த வெள்ளிச் சாயமுறையைச் செம்மைப்படுத்தி, மெல்லிய மூளைத் துண்டுகளை நுண்நோக்கியில் பார்த்து, பார்த்ததைத் தன் கையால் வரைந்தார். நரம்பு மண்டலம் ஒரே பின்னல் வலை என்று கோல்ஜி நம்பினார். தனித்தனி அணுக்களால் ஆனது என்று கஹாலின் சித்திரங்கள் காட்டின. 1906இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நவீன நரம்பியலின் அடித்தளம் வெள்ளியை வைத்து வேலைபார்த்த ஒரு கையிலிருந்து வந்தது. வடசேரியில் இதைச் சொன்னால் யாரும் வியக்கமாட்டார்கள்.

3

இகழ்ச்சியை மறுப்பது எளிது. கேட்பவர்களும் உடனே ஒப்புக்கொள்வார்கள். புகழ்ச்சியை மறுப்பதுதான் கடினம். ரத்தத்தில் ஊறியது என்பதில் என்ன தவறு, அன்பாகத்தானே சொல்கிறோம் என்பார்கள்.

தவறு இதுதான். நரம்பிணைப்பு பிறப்பில் கைமாற்றப்படும் சொத்து அன்று. தந்தை நாற்பது வருடம் கல் பதித்ததால் அவருடைய சிறுமூளையில் ஏற்பட்ட மாற்றம் அவருடைய விந்தணுவுக்குள் ஏறுவதில்லை. மூளையைக் கட்டும் பொதுத் திட்டத்தை மரபணு தருகிறது. விரல் லாவகத்தில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடு இருப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ஆனால் சாமணத்தைப் பிடிக்கும் விதம் எந்த மரபணுவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. பொற்கொல்லர் வீட்டுக் குழந்தையும் கொத்தனார் வீட்டுக் குழந்தையும் மாவட்ட ஆட்சியர் வீட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒன்பது, பத்து மாதத்தில்தான் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பொரியைப் பொறுக்கக் கற்கின்றன. எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பயிற்சி மூளையை மாற்றுகிறதா, அல்லது அப்படிப்பட்ட மூளையுடன் பிறந்தவர்கள்தான் அந்தப் பயிற்சிக்கு வருகிறார்களா என்பது நியாயமான கேள்வி. இதற்கு மூன்று சோதனைகளைப் பதிலாக வைக்கிறேன்.

எல்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 1995இல் ஒன்பது தந்தியிசைக் கலைஞர்களின் மூளையை அளந்தார்கள். தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கான புறணிப் பகுதி, இசைக்காதவர்களோடு ஒப்பிட விரிந்திருந்தது. வில் பிடிக்கும் வலது கைக்கு அத்தகைய வேறுபாடு இல்லை. இசை ரத்தத்தில் ஊறியிருந்தால் இடது கையில் மட்டும் ஏன் ஊற வேண்டும்?

ஜெர்மனியில் டிராகன்ஸ்கி குழுவினர் 2004இல், பந்து எறிந்து பிடிக்கும் வித்தை அறியாத இளைஞர்களுக்கு மூன்று மாதம் அதைப் பழக்கினார்கள். அசைவைப் பார்த்தறியும் புறணிப் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் அதிகரித்திருந்தது. பயிற்சியை நிறுத்தியபின் அது குறையத் தொடங்கியது. மூன்றே மாதம்!

லண்டனில் வாடகைக் கார் ஓட்டுநர் உரிமம் பெற வேண்டுமானால் நகரின் பல்லாயிரம் தெருக்களை மனப்பாடம் செய்து கடுமையான தேர்வில் தேற வேண்டும். வூலெட்டும் மக்வாயரும் இந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்களைத் தொடக்கத்திலும் சில வருடங்கள் கழித்தும் அளந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் பின்னாளில் தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இறுதியில், தேறியவர்களின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை.

மூளையின் வரைபடம் கல்வெட்டு அன்று என்பதை அறிய நம்மவர் ஒருவரின் ஆய்வும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்து நான்கு வாரங்களே ஆன பதினேழு வயது இளைஞரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களில் தொடுவதுபோல் அவருக்கு உணர்வு ஏற்பட்டது. புறணியில் கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் அண்டை வீடுகள். கையிலிருந்து செய்தி வராமல் போனதும், முகத்தின் செய்திகள் அந்த இடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டன. நான்கு வாரத்தில் இப்படி மாறக்கூடிய ஒன்றை, தலைமுறை தலைமுறையாக மாறாத சாதி முத்திரையாக்கிப் பேசுவது எப்படி?

ஆக, வடசேரிப் பட்டறைக் குடும்பங்களில் தலைமுறைகளைக் கடந்து வந்தது எது? அருகாமை. கருவிகளின் அருகாமை, அவற்றைப் பிடித்திருக்கும் கையின் அருகாமை, கெட்டுப்போனால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தோடு பிழைசெய்யக் கிடைத்த நேரம். சிறுமூளையின் ஒரு பர்கின்ஜி அணுவுக்கு ஏறத்தாழ ஒன்றரை இரண்டு லட்சம் இணைப்புகள் வழியாகச் செய்தி வருகிறது. பிழையை அறிவிக்க ஒரே ஓர் இழை தனியாக வந்து சேர்கிறது. அந்த இழை தட்டும்போதெல்லாம் தவறான இணைப்புகள் வலுவிழக்கின்றன என்பது 1970களிலிருந்து வலுப்பெற்றுவரும் விளக்கம். கற்றல் என்பது பிழைகளால் செதுக்கப்படுவது. ஆயிரக்கணக்கான பிழைகளைச் செய்து திருத்திய ஒருவரைப் பார்த்து, உனக்கு இது பிறப்பிலேயே வந்தது என்று சொல்வது பாராட்டாகாது. அவருடைய உழைப்பைப் பறித்து அவருடைய முப்பாட்டனிடம் கொடுத்துவிடுகிறோம்.

4

இங்கே தமிழ் வாசகர் ஒருவர் நெற்றியைச் சுருக்குவார் என்பதை அறிவேன். கைத்தொழிலைப் போற்றும் குரலைக் கேட்டதும் நமக்கு 1953 நினைவுக்கு வர வேண்டும், வருவது நல்லது. அவ்வருடம் ராஜாஜி கொண்டுவந்த திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறக் குழந்தைகளுக்குப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலக, காமராஜர் பொறுப்பேற்க, திட்டம் கைவிடப்பட்டது. வடசேரி அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே அந்தத் திட்டம் இவ்வூர்ப் பள்ளிகளைத் தொடவில்லை. ஆனால் அதன் பின்னிருந்த கருத்து எல்லைகளைப் பார்ப்பதில்லை.

குலக்கல்வித் திட்டத்தின் குற்றம், குழந்தையின் கையில் கருவியைக் கொடுத்தது அன்று. எந்தக் குழந்தைக்கு எந்தக் கருவி என்பதைப் பிறப்பு தீர்மானிக்கும் என்றதே அதன் குற்றம். ரத்தத்தில் ஊறியது என்று இன்று எழுதுகிறவர்கள் அதே கருத்தைத்தான் அழகான தமிழில் எழுதுகிறார்கள். குலக்கல்வியை எதிர்த்துக் கட்டுரை எழுதிய கையாலேயே இதையும் எழுதுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு. எல்பர்ட்டின் ஆய்விலேயே, சிறுவயதில் தொடங்கியவர்களுக்கு விரிவு அதிகம். ஆகவே குழந்தைப் பருவத்திலேயே தொழிலில் இறக்க வேண்டாமா? இளமையில் தொடங்குவதன் நன்மை உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வயலின் கற்கும் குழந்தையைப் பள்ளியிலிருந்து யாரும் நிறுத்துவதில்லை. வயலின் கற்பதற்குத் தந்தை வயலின் கலைஞராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதும் இல்லை. அந்த உரிமை கெம்புக் கல்லுக்கு ஏன் இல்லை? மேலும், டிராகன்ஸ்கியின் மாணவர்களும் லண்டன் ஓட்டுநர்களும் வளர்ந்தவர்கள். வளர்ந்தவரின் நரம்பும் கற்கிறது. அதற்குக் கூடுதல் காலம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசுகள் இந்தக் காலத்தைத்தான் கொடுக்க மறுக்கின்றன. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் பொற்கொல்லர் உள்ளிட்ட 18 தொழில்களை எடுத்துக்கொண்டது. குடும்ப வழித் தொழில் என்ற வரையறை அதில் இருந்தது. தமிழக அரசு இதைக் குலத்தொழில் முறை என்று சுட்டி, 2024 நவம்பரில் ஏற்க மறுத்தது. அந்த மறுப்பு சரியானது. மாற்றாக 2025இல் வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குடும்ப நிபந்தனை இல்லை. வரவேற்கலாம். ஆனால் இரண்டையும் நரம்பின் கண்கொண்டு பாருங்கள். முந்தையதில் அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாட்கள். மேற்பயிற்சி பதினைந்து நாட்கள். பிந்தையது முப்பத்தைந்து வயது நிறைந்தவர்களுக்கு முதன்மையாகக் கடனும் மானியமும் தருகிறது. இரண்டும் ஏற்கெனவே கற்றுவிட்டவருக்கு உதவுகின்றன. அவர் எங்கே, யார் செலவில் கற்றார் என்று கேட்பதில்லை. கை எப்படியோ உருவாகிவிடும், நாம் கருவியும் கடனும் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. எப்படியோ என்றால் எப்படி? குடும்பத்தில், சம்பளமில்லாமல், ரத்தத்தில் ஊறி! சாதியை வாசல் வழியே வெளியேற்றிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

5

வெறுமனே கண்டிப்பதில் பயனில்லை. என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்.

கையைப் பழக்குவது எல்லாப் பள்ளிகளிலும், எல்லாக் குழந்தைகளுக்கும், ஆண் பெண் பேதமின்றி, தேர்வில் தோற்றவர்களுக்கான ஒதுக்கிடமாக இல்லாமல் பாடமாக இருக்க வேண்டும். மருத்துவராகப் போகிற பெண்ணின் விரல்களுக்கும் அது தேவை. தையல் ஊசி பிடிக்காமலேயே அறுவை சிகிச்சை மேசைக்குப் போகிற கை நாளை நம் வயிற்றைத் திறக்கப்போகிறது.

வடசேரியில் கல் பதிக்க விரும்பும் எவரும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், வருடக்கணக்கில் உதவித்தொகையுடன் கற்க வழி வேண்டும். கற்பிக்கும் மூத்த கைவினைஞர் பேராசிரியருக்கு ஒப்பான சம்பளம் பெற வேண்டும். தன் பிள்ளையை இந்தத் தொழிலுக்கு விடாத தந்தையைப் பார்த்துக் கலை அழிகிறதே என்று அங்கலாய்ப்பதை நாம் நிறுத்த வேண்டும். அந்தப் பிள்ளை பொறியாளராகட்டும். அவனிடத்தில் உட்கார நம் பிள்ளையை அனுப்பத் தயாரா என்பதே கேள்வி. கலையைக் காப்பாற்றும் கடமை ஒரு சமூகத்தின் குழந்தைகளுக்கு மட்டும் எப்படி விதிக்கப்பட்டது?

அறிவு நரம்பில் இருக்கிறதென்றால் நரம்பைக் காப்பதும் கடமை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்வைக் கொண்டுவரும் நடு நரம்பு, மணிக்கட்டின் குறுகலான பாதை வழியாகச் செல்கிறது. மணிக்கட்டை வளைத்தபடி அழுத்திச் செய்யும் வேலை ஆண்டுக்கணக்கில் தொடரும்போது அங்கே நரம்பு நெருக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. இரவில் விரல் மரத்துப்போவது முதல் அறிகுறி. சாமணம் பிடிக்கும் விரல்கள் அதே மூன்றுதான். ஆரம்பத்தில் கண்டறிந்தால் தீர்க்கக்கூடிய இந்தச் சிக்கலை, வயதாகிவிட்டது, கை ஓய்ந்துவிட்டது என்று தள்ளிவிட்டால் இருபது வருடப் படிப்பு வாசிக்க முடியாத நூலாகிவிடுகிறது. கடன் முகாம் நடத்துகிறவர்கள் பட்டறைத் தெருக்களில் நரம்புப் பரிசோதனை முகாமும் நடத்தலாம்.

எழுதுகிறவர்களாகிய நமக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நகையைப் பற்றியோ நாதஸ்வரத்தைப் பற்றியோ பானையைப் பற்றியோ எழுதும்போது, ரத்தம் என்ற சொல் பேனா முனைக்கு வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள். அந்த மனிதர் எந்த வயதில் தொடங்கினார், யாரிடம் கற்றார், எத்தனை வருடம் கூலியில்லாமல் இருந்தார், எதைச் செய்யும்போது அதிகம் பிழைத்தார், இப்போது விரல் மரத்துப்போகிறதா என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். ரத்தம் எல்லோருக்கும் ஒன்றுபோல் ஓடுகிறது. கற்றவரின் நரம்புதான் வேறு, அதற்கான விலையைக் கொடுத்தவர் அவர் ஒருவரே.